வழக்கும் வழக்கமும்

தமிழிலே 'வழக்கு' என்னுஞ் சொல் இருபொருள் தாங்கி நிற்பது. மக்கள் நாவில் வழங்கி வருவதும் வழக்கு. மன்றிலே ஏறி உரைப்பதும் வழக்கு. தொல்காப்பியனார் தம் நூலுக்கு முதலாகக் கொண்டவை வழக்கும் செய்யுளும் என்று சிறப்புப் பாயிரம் கூறுமிடத்து முதற்பொருளைக் காண்கின்றோம். சிலப்பதிகாரத்து மதுரைக் காண்டத்திலே 'வழக்குரை காதை' என்று ஒரு காதைக்குப் பெயர் அமைந்தவிடத்து இரண்டாம் பொருளைக் காண்கின்றோம். 'வழங்கு' என்னும் வினையடியே இரண்டிற்கும் தாய். பலகாலும் பலராலும் கையாளப்பட்டு நிலைபெற்றது எதுவோ அதுவே வழக்கம். அதனை ஆதாரமாகக் கொண்டு உரிமை கோருவதே மன்றத்து வழக்கு. சொல்லின் வரலாற்றிலே பொதிந்துள்ள இவ்வுண்மையை, நம் சப்பிரகமுவ மாகாணத்திலிருந்து கடல் கடந்து சென்ற ஒரு மேன்முறையீடு விளக்கிக் காட்டுகின்றது. அதனை மாணாக்கரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நன்று.

மேன்முறையீடு என்பதன் அருமையை அறிய வேண்டுமானால், அஃது இல்லாத மன்றத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கண்ணகி வழக்குரைத்தது பாண்டியன் அவையில். அவனே முதன் மன்றம். அவனே முடிவான மன்றம். கோவலனுக்குத் தண்டம் விதித்தவனும் அவன். அத்தண்டம் முறையோ என்று ஆராய வேண்டியவனும் அவன். சிலம்பு உடைந்து உண்மை புலப்பட்டபோது, பிழையைத் திருத்துவதற்கு வேறு வழியின்மையால் அவன் தன் உயிரையே கொடுக்க நேர்ந்தது, ஊரும் எரிந்தது. மேலே ஒரு மன்றம் இருந்திருப்பின், தீர்ப்பு மட்டுமே வீழ்ந்திருக்கும். அரசனும் ஊரும் வீழ்ந்திரா. கீழ்மன்றம் தவறக்கூடும் என்பதை அரசே ஒப்புக்கொண்டு, அத்தவற்றை அமைதியாகத் திருத்துதற்கு அமைத்த படிக்கட்டே மேன்முறையீடு. அப்படியை ஏறுகின்றவன் அரசை இகழ்பவன் அல்லன். அரசு தானே வகுத்த முறையின்மீது நம்பிக்கை வைத்தவன்.

ஆயினும், எதிர்வாதி அரசாகவே இருந்துவிட்டால் அப்படிக்கட்டு எத்துணைச் செங்குத்தாகிவிடும்! இதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

உருவன்வெல்லையிலிருந்து ஒரு பெயர்

மலைநாட்டுத் தோட்டங்களை அடுத்து வாழும் பலாங்கொடை வாசகர்க்கு முதலில் நினைவூட்டத் தகுவது, கேகாலை மாவட்டத்து உருவன்வெல்லைத் தேர்தற்றொகுதியில் எழுந்த ஒரு வழக்கு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல்கள் திருத்தச் சட்டமும் சேர்ந்து, இந்திய வமிசாவளித் தமிழருட் பெரும்பாலாரை வாக்காளர் இடாப்பினின்றும் நீக்கின. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர்; 1952இல் ஒருவரும் புகவில்லை. இவ்விரு தேர்தல்களுக்கும் இடையே, கொடக்கன் பிள்ளை என்பார் தம் பெயரை உருவன்வெல்லை இடாப்பிற் சேர்க்குமாறு கோரினார். பதிவு அதிகாரி மறுத்தார். இடாப்பைத் திருத்தும் அதிகாரியோ, அச்சட்டங்கள் அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு மாறானவை என்று கூறிக் கோரிக்கையை ஏற்றார். அரசு உயர் நீதிமன்றஞ் சென்றது. 1951இல் உயர் நீதிமன்றம் அவ்வதிகாரியின் தீர்மானத்தைத் தள்ளியது. கொடக்கன் பிள்ளை இலண்டன் மாநகரத்துப் பிரிவிக் கவுன்சில் என்னும் கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்தார். 1953இல் அதுவும் தள்ளப்பட்டது.

தம் நாட்டின் குடிமக்கள் யாவர் என வரையறுத்தல் சட்டமன்றத்தின் இயல்பான உரிமை என்பதும், இந்தியரும் பாகிஸ்தானியரும் பதிவின் வழியாகக் குடியுரிமை பெறுதற்கு 1949இல் வேறொரு சட்டம் வழிவகுத்துள்ளது என்பதும் அக்கழகம் காட்டிய காரணங்கள். சட்டத்தின் சொற்களை நோக்கினால் அதில் எச்சமூகத்தின் பெயரும் இல்லை. அதன் விளைவை நோக்கினால், கொழுந்து பறிக்கும் கைகளே பெரும்பாலும் வாக்குச்சீட்டை இழந்தன. சொல்லை நோக்குவதா, விளைவை நோக்குவதா என்னும் வினாவிலே மேன்முறையீடு தோற்றது. அவ்விழப்பு முற்றிலும் நீங்குவதற்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. அதுவும் நீதிமன்றத்தால் வந்ததன்று. உடன்படிக்கைகளாலும் போராட்டங்களாலும் பாராளுமன்றத்தாலும் வந்தது.

கேகாலைக் கச்சேரியில் ஒரு சம்பள ஏற்றம்

இனி, இக்கட்டுரைக்கு உயிராகிய வழக்குக்கு வருவோம். அதுவும் கேகாலை மாவட்டத்ததே. முதல் வழக்கு வாக்கைப் பற்றியது. இரண்டாவது மொழியைப் பற்றியது.

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களம் ஒன்றனையே நாட்டின் அரசகரும மொழியாக்கியது. உடனே மாற்ற இயலாத அலுவல்களிற் பழைய மொழியே 1960ஆம் ஆண்டு முடியும்வரை தொடரலாம் என்று அச்சட்டமே தவணை கொடுத்தது. தவணை முடிந்தபோது ஆட்சியிலிருந்தவர், பலாங்கொடை இரத்வத்தைக் குடும்பத்தவராகிய சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையார். 1961 டிசம்பரில் திறைசேரியிலிருந்து 560ஆம் இலக்கச் சுற்றுநிருபம் வெளிவந்தது. குறித்த சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையிற் சித்தியடையாத உத்தியோகத்தருக்கு ஆண்டுச் சம்பள ஏற்றம் நிறுத்தப்படும் என்பது அதன் பயன்.

கேகாலைக் கச்சேரியிலே எழுதுவினைஞர் சேவையிற் பணிபுரிந்தவர் செல்லையா கோடீசுவரன். ஆங்கிலத்திலேயே அலுவல்கள் நடந்த காலத்திற் சேவையிற் சேர்ந்தவர். அவர் அப்பரீட்சைக்குத் தோற்ற மறுத்தார். 1962இல் அவருக்கு வரவேண்டிய சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது.

பரீட்சைக்கு அமர்ந்துவிட்டாற் போதாதோ, ஒரு மொழியைக் கூடுதலாகக் கற்பதிற் குற்றமென்ன என்று வினவுவார் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். வினா நியாயமானதே. ஆசிரியத் தொழிலில் உள்ள எவனும் ஒரு மொழியைக் கற்பதைத் தீமை எனக் கூறான். சிங்கள மக்கள் நடுவே வாழும் நாம், பலாங்கொடைச் சந்தையிலும் பஸ்ஸிலும் நாள்தோறும் சிங்களம் பேசுகின்றோம். அதனால் நமக்கு நன்மையே அன்றித் தீமை இல்லை. கோடீசுவரன் எழுப்பிய வினா அதுவன்று. ஒரே மேசையில் ஒரே வேலையைச் செய்யும் இருவருள், ஒருவர்க்குத் தாய்மொழியே தகுதியாகவும், மற்றவர்க்குத் தாய்மொழியே தடையாகவும் அமையுமாறு அரசு சட்டஞ் செய்யலாமோ என்பதே அவர் வினா. சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்தார்க்கு இல்லாத கட்டுப்பாட்டை மற்றொரு சமூகத்தார்மீது சுமத்தும் சட்டம் செல்லாது என்று விதித்திருந்தது. அப்பிரிவையே அவர் துணையாகக் கொண்டார்.

அரசின்மேல் வழக்கிடுவோன் சட்டமா அதிபரையே எதிர்வாதியாகக் குறித்தல் வேண்டும் என்பதும், வழக்கிடுமுன் ஒரு மாத அறிவித்தல் கொடுத்தல் வேண்டும் என்பதும் நம் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் விதிகள். அவ்வாறே 'கோடீசுவரன் எதிர் சட்டமா அதிபர்' என்னும் வழக்கு கொழும்பு மாவட்ட நீதிமன்றத்திற் பிறந்தது. 1964இல் மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிரெற்சர் வாதிக்கு இசையத் தீர்ப்பளித்தார். அரசகரும மொழிச் சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரண்பட்டது. ஆதலின் அதன்வழி வந்த சுற்றுநிருபத்துக்கும் வலுவில்லை என்பது அவர் முடிபு. தேர்தல் மேடைகளில் முழங்கிய ஒரு சட்டத்தை, ஒரு மாவட்ட நீதிபதி தம் எழுதுகோலின் வலிமையாற் செல்லாதெனக் கூறினார்.

வாயிலிலே நின்ற வழக்கு

அரசு மேன்முறையீடு செய்தது. 1967இல் உயர் நீதிமன்றத்திலே பிரதம நீதியரசர் எச். என். ஜி. பெர்னாண்டோவும் நீதியரசர் ஜி. பி. ஏ. சில்வாவும் வழக்கை ஆராய்ந்து, கோடீசுவரனின் வழக்கைத் தள்ளினர். மொழிச் சட்டம் செல்லும் என்று கூறித் தள்ளினார்களோ எனின், இல்லை. செல்லாது என்றார்களோ எனின், அதுவும் இல்லை. முடிக்குரிய அரசின் ஊழியன் ஒருவன் தன் சம்பளத்துக்காக அவ்வரசின்மேல் வழக்கிட முடியாது. ஆதலின் இவ்வழக்கே மன்றத்துள் நுழையத் தக்கதன்று. நுழையாத வழக்கிலே மொழி பற்றிய வினாவுக்கு இடமேது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

நேயர்கள் இவ்விடத்தைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். வழக்கு ஒரு வீட்டை ஒத்தது. 'மொழிச் சட்டம் முறையானதா?' என்பது வீடு. 'அரச ஊழியன் சம்பளத்துக்கு வழக்கிடலாமா?' என்பது வாயில். உயர் நீதிமன்றம் வாயிலை அடைத்தது. வீட்டினுள்ளே என்ன உண்டு என்பதைப் பார்க்கவில்லை. அரசின்மேல் தொடுக்கப்படும் வழக்குகளிற் பல இவ்வாறே வாயிலில் நின்றுவிடுகின்றன. காலங்கடந்தது, அறிவித்தல் குறைவுடையது, வழக்காளர்க்கு வழக்கிடும் உரிமை இல்லை, தவறான மன்றத்துக்கு வந்தார் என்றிவை போன்ற காரணங்களே பெரும்பாலும் தீர்ப்புகளிற் காணப்படுவன. 'வழக்குத் தள்ளப்பட்டது' என்று கேட்டவுடன் 'நியாயம் தோற்றது' என்று கொள்ளுதல் பேதைமை. தள்ளப்பட்டது வாயிலிலா, வீட்டினுள்ளேயா என்று தீர்ப்பைப் படித்து அறிதலே மேன்முறையீட்டின் முதற்படி.

இலண்டனிற் கேட்ட வழக்கம்

கோடீசுவரன் இரண்டாம் படியையும் ஏறினார். அக்காலத்தில் இலங்கையின் முடிவான மன்றமாய் இருந்தது கோமறைக் கழகம். 1969 டிசம்பர் 11ஆம் நாள் டிப்ளொக் பிரபு அதன் தீர்ப்பை உரைத்தார். மேன்முறையீடு வென்றது.

அவ்வெற்றியின் காரணமே நம் கட்டுரைத் தலைப்புக்குக் காரணம். ஆங்கில நாட்டிலே அரசர்மேல் அவர்தம் மன்றங்களிலேயே வழக்கிட முடியாது என்னும் பழைய கொள்கை உண்டு. ஆனால் இலங்கையின் பொதுச் சட்டம் ஆங்கிலச் சட்டம் அன்று; ஒல்லாந்தர் விட்டுச் சென்ற உரோமன் ஒல்லாந்துச் சட்டம். ஒப்பந்தத்தின் வழியாக அரசு தரவேண்டியதை அரசின்மேல் வழக்கிட்டுப் பெறுதல் இத்தீவிலே நெடுங்காலமாக நடந்து வந்தது. 1884இல் சீமான் அப்பு என்பாரது வழக்கில் இதே கோமறைக் கழகம் அதனை ஒப்புக்கொண்டிருந்தது. உரோமன் ஒல்லாந்து நூல்களில் அதற்குத் தெளிவான ஆதாரம் உண்டோ இல்லையோ, நாட்டிலே நிலைபெற்ற நடைமுறை அதுவாயிற்று. சட்டங்களும் அந்நடைமுறையை ஏற்று இயற்றப்பட்டன என்பதே அத்தீர்ப்பின் கருத்து. அதாவது, நூலில் இல்லாததை வழக்கம் தந்தது. இலக்கணிகள் 'உலக வழக்கு' என்று போற்றும் அதே ஆற்றல், சட்டத்திலும் ஒரு மனிதனுக்குக் கதவு திறந்தது.

எதிர்த் தரப்பினர் தாங்கி நின்ற கொள்கையின் வேரையும் அத்தீர்ப்பு ஆராய்ந்தது. அரச ஊழியனின் சம்பளம் உரிமையன்று, அரசின் கொடை என்னும் கருத்தை 1926இல் ஸ்கொத்லாந்திலே ஒரு நீதிபதி உரைத்தார். அதனைப் பிற்காலத்தார் மேற்கோளாக எடுத்தாண்டு வலுப்படுத்தினர். அதன் வாதத் தொடரிற் பிழையுண்டு எனவும், முன்னைய ஆதாரங்களுக்கு அது மாறானது எனவும் டிப்ளொக் பிரபு காட்டினார். அரசு விரும்பியபோது ஊழியனை நீக்கலாம் என்பது உண்மையாயினும், அவன் ஏற்கெனவே செய்து முடித்த வேலைக்குரிய கூலியை மறுக்கலாம் என்பது அதனின்று பெறப்படாது. இதனை விளங்கிக்கொள்ளச் சட்டக்கல்வி வேண்டுவதில்லை. நாட்கூலிக்கு உழைத்த எவரும் அறிவர்.

அண்டை நாடாகிய இந்தியாவில் இவ்வினா இதற்கு முன்னரே எழுந்து முடிந்திருந்தது. பீகார் மாநிலத்திற் பணியினின்று நீக்கப்பட்டுப் பின்னர் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்ட பொலிஸ் உத்தியோகத்தர் அப்துல் மஜீத், இடைக்காலத்துச் சம்பளத்தைக் கோரி வழக்கிட்டார். 1954இல் இந்திய உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்து, ஸ்கொத்லாந்துக் கருத்தைப் பின்பற்ற மறுத்தது. ஒரு நாட்டு மன்றம் அடைத்த வாயிலை மற்றொரு நாட்டு மன்றம் முன்னரே திறந்து வைத்திருத்தலும் உண்டு. தள்ளப்பட்ட வழக்கை மேலே கொண்டு செல்பவர் அக்கம்பக்கத்து நாடுகளின் தீர்ப்புகளையும் தேடவேண்டும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

விடை பெறாத வினா

வாயில் திறந்தது. வீடு என்னாயிற்று? அரசகரும மொழிச் சட்டம் 29ஆம் பிரிவுக்கு மாறானதா என்பதைக் கோமறைக் கழகம் தானே தீர்க்கவில்லை. அவ்வினாவின்மேல் இலங்கை உயர் நீதிமன்றம் ஒன்றும் கூறவில்லையாதலால், அதன் கருத்தைப் பெறாமல் தான் தீர்த்தல் தகாது என்று கருதி, வழக்கை மீண்டும் கொழும்புக்கே அனுப்பியது.

அடுத்து நிகழ்ந்தவற்றை ஆண்டுகளே சொல்லும். 1971ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டம் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீட்டை ஒழித்தது. 1972 மே 22ஆம் நாள் குடியரசு அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. 29ஆம் பிரிவு அதில் இல்லை. சிங்களமே அரசகரும மொழி என்பது அரசியலமைப்பின் வாசகமாகவே ஆயிற்று. கேகாலைக் கச்சேரியில் 1962இல் எழுந்த வினா, விடை கூறப்படாமலேயே மறைந்தது. மாணாக்கன் வினாவை எழுதி முடிப்பதற்குள் கரும்பலகையையே கழற்றிக்கொண்டு போனது போலாயிற்று.

ஈண்டு ஒரு செய்தியை மறைத்தல் ஆகாது. தன் நாட்டு வழக்குகளைப் பிறநாட்டு மன்றம் முடிவுசெய்தலாகாது என்பது தன்மானமுள்ள எந்த நாட்டுக்கும் இயல்பான எண்ணமே. இந்தியா 1949இலேயே அம்முறையை நீக்கிவிட்டது. குறை, படியை நீக்கியதில் அன்று. படி நீங்கியபோது அதன்மேல் நின்ற வினாவையும், அவ்வினாவுக்கு ஆதாரமான காப்பையும் சேர்த்து நீக்கியதே குறை.

பயனென்ன?

இவற்றைக் கேட்போர் இருவகை முடிபுக்கு வரலாம். 'இலண்டன் சென்று வென்றும் பயனில்லையே; அரசின்மேல் வழக்கிடுதல் வீண்' என்பார் ஒரு சாரார். 'நீதிமன்றம் ஒன்றே கதி. இன்னும் உறுதியாக வழக்காடியிருந்தால் எல்லாம் கிடைத்திருக்கும்' என்பார் மற்றொரு சாரார். இருவர் கூற்றும் முழுமையுடையன அல்ல.

பயன் உண்டு என்பதற்கு முதற்சான்று, வாயில் திறந்தே இருப்பது. அரச ஊழியர் தம் சம்பளத்தைக் கோரி வழக்கிடலாம் என்னும் சட்டநிலை, தமிழ் எழுதுவினைஞர் ஒருவர் தம் ஏற்றத்துக்காகப் பெற்றது. ஆனால் அதன் பயன் தமிழரோடு நின்றதன்று. சிங்கள ஆசிரியரும் முஸ்லிம் தபாற்காரரும் அவ்வாயிலுக்கு உரியவரே. தன்பொருட்டு வழக்காடியவன் தன்னை அறியாமலே பிறர்பொருட்டும் வழக்காடிவிடுகின்றான். இரண்டாம் சான்று, 1964ஆம் ஆண்டுத் தீர்ப்பு எழுத்தில் இருப்பது. அது பின்னர்த் தள்ளப்பட்டதேனும், தள்ளியவர்கள் அதன் காரணத்தைப் பிழையென்று கூறித் தள்ளவில்லை. அந்த மௌனத்தையும் வரலாறு படிக்கின்றது.

ஆயினும் வழக்கு தானே உரிமையைத் தந்துவிடும் என்று எண்ணுதலும் பிழை. மொழி பற்றிய நியாயம் மன்றத்தின் வழியாக வரவில்லை. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம், தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்று அரசியலமைப்பிற் சேர்த்தது. 1988ஆம் ஆண்டின் பதினாறாம் திருத்தம் அதனை விரித்தது. சிங்களத்தில் நிருவாகம் நடைபெறும் பிரதேசத்திலும் ஒருவர் உத்தியோகத்தருடன் தமிழில் எழுதித் தமிழில் மறுமொழி பெறும் உரிமை அதனாலே கிடைத்தது. இரத்தினபுரி மாவட்டத்துக்கும் கேகாலை மாவட்டத்துக்கும் இது பொருந்தும். வடக்கு கிழக்குக்கு வெளியேயுள்ள நீதிமன்றங்களிலும் தமிழில் வழக்கெழுதிக் கொடுக்க இயலும். உரிமை மீறப்பட்டால் முறையிடுதற்கு 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவை அமைத்தது. 2007 ஜூலை முதல் அரச சேவையிற் புதிதாகச் சேர்வோர், தாம் சேர்ந்த மொழியன்றி மற்றை அரசகரும மொழியிலும் ஐந்தாண்டுக்குள் தேர்ச்சி பெறுதல் வேண்டும் என்று சுற்றுநிருபம் விதித்தது. சிங்களவர் தமிழும், தமிழர் சிங்களமும் கற்க வேண்டும் என்பது அதன் பொருள். கோடீசுவரன் மறுத்தது ஒருபக்கப் பரீட்சையை. இது இருபக்கப் பரீட்சை. இரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாடே அவர் வழக்கின் முழுப்பொருள்.

ஏட்டில் இத்துணையும் உண்டு. நடைமுறையில் எத்துணை உண்டு என்பதை வாசகர் ஒவ்வொருவரும் தத்தம் அநுபவத்தால் அறிவர். தமிழில் எழுதிய கடிதத்துக்குச் சிங்களத்தில் மறுமொழி வருகின்றது. நாம் அதனை மொழிபெயர்க்க ஒருவரைத் தேடி ஓடுகின்றோமே அன்றி, 'தமிழில் மறுமொழி தருக' என்று மீண்டும் எழுதுவதில்லை. தோட்டத்துத் தாயொருத்தி பிறப்புச் சான்றிதழுக்குப் படிவம் நிரப்பச் செல்லும்போது, சிங்களம் அறிந்த ஒருவருக்குப் பணம் கொடுத்து எழுதுவிக்கின்றாள். பெயர் பிழையாகப் பதிவாகின்றது. அப்பிழை பிள்ளையின் பரீட்சை வரை தொடர்கின்றது. இவையெல்லாம் சிறியன என்று விட்டுவிடுகின்றோம். சம்பள ஏற்றமும் சிறியதாகத்தான் இருந்தது.

வழக்கம் ஆக்குவோம்

இங்கேதான் சொல்லின் இருபொருளும் மீண்டும் ஒன்று சேர்கின்றன. கோமறைக் கழகத்தில் வென்றது எது? நெடுங்காலமாக மக்கள் அரசின்மேல் வழக்கிட்டு வந்த வழக்கம். எவரும் வழக்கிடாமல் இருந்திருப்பின், கோடீசுவரனுக்குக் காட்டுதற்கு ஒரு வழக்கமும் இருந்திராது. பயன்படுத்தப்படும் உரிமையே வழக்கமாகி நிலைக்கின்றது; பயன்படுத்தாத உரிமை, பேச்சினின்று வீழ்ந்த சொல்லைப் போல அகராதியில் மட்டுமே வாழும். பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட வரலாற்றிலே, சுந்தரரை அடிமை என்று கூறி வந்த முதியவரிடம் திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் மூவகைச் சான்றுள் ஒன்றைக் கேட்கின்றனர்: வழிவழி வந்த ஆட்சி, எழுதிய ஓலை, கண்டவர் கூற்று. இம்மூன்றும் இல்லாதவன் எந்த மன்றிலும் தோற்பான். நம்மிடம் அரசியலமைப்பாகிய ஓலை இன்று உண்டு. ஆட்சியும் சாட்சியும் நாம் உண்டாக்க வேண்டுவன.

ஆகவே ஆசிரிய நண்பர்களுக்கும் உயர்வகுப்பு மாணாக்கர்க்கும் ஒரு விண்ணப்பம். கட்டுரை எழுதப் பழக்கும் நாம், ஒரு விண்ணப்பத்தையும் ஒரு முறையீட்டையும் திருத்தமாக எழுதப் பழக்குதல் வேண்டும். திகதியிட்டு எழுதுதல், பிரதி ஒன்றைத் தம்மிடம் வைத்துக்கொள்ளுதல், பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பேணுதல், கேட்டது இன்னது என்று ஒரே வாக்கியத்திற் சொல்லுதல் ஆகிய நான்கும் இலக்கணப் பாடத்துக்கு இழிந்தவை அல்ல. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், தம் விண்ணப்பம் எங்கே தங்கியுள்ளது என்பதை எவரும் எழுதிக் கேட்கலாம். காரணம் எழுத்தில் கிடைத்தாலன்றி முறையீட்டுக்கு அடித்தளம் இல்லை.

காலவரையறையையும் அறிந்திருத்தல் வேண்டும். அடிப்படை உரிமை மீறலுக்காக உயர் நீதிமன்றஞ் செல்வோர் ஒரு மாதத்துள் செல்ல வேண்டும். மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக மேன்முறையீடு செய்வோர், பதினான்கு நாட்களுள் அறிவித்தலும், அறுபது நாட்களுள் மனுவும் கொடுத்தல் வேண்டும். தவணைக் கணக்கிலே விடுமுறை நாட்களை எண்ணுவது பற்றிய நுட்பங்களைச் சட்டத்தரணியிடம் உடனே கேட்டறிதல் நன்று. 'பார்ப்போம், அடுத்த மாதம் பார்ப்போம்' என்னும் நம் பழக்கம், எதிர்வாதி வாதாடாமலே வெல்வதற்கு நாம் கொடுக்கும் உதவி. அரசுக்குப் பொறுமை மிகுதி; அதற்கு முதுமை இல்லை. தனிமனிதனுக்கோ ஆண்டுகள் எண்ணப்பட்டவை. 1962இல் மறுத்த ஏற்றத்தின் வினா 1969 வரை நடந்தும் முடியவில்லை என்பதை நினைவிற் கொள்க.

உருவன்வெல்லையிலிருந்து சென்ற முறையீடு தோற்றது. கேகாலைக் கச்சேரியிலிருந்து சென்றது பாதி வென்றது. இரண்டும் நம் மாகாணத்தின் பெயரைச் சட்ட நூல்களில் எழுதிவைத்தன. இலங்கை அரசியல் வரலாற்றை எழுதுவோர் எவரும் அவற்றைக் கடந்து செல்ல இயலாது. அவ்விருவரும் அரசனை எதிர்த்துச் சிலம்பை உடைத்தவர்கள் அல்லர். கடிதம் எழுதினார்கள், தவணைக்கு நின்றார்கள், தள்ளியபோது அடுத்த படியை ஏறினார்கள். நம் பிள்ளைகள் பிரதேச செயலகத்துக்குத் தமிழில் எழுதும் ஒவ்வொரு கடிதமும், தமிழில் மறுமொழி கேட்டு மீண்டும் எழுதும் ஒவ்வொரு கடிதமும், நாளை ஒரு மன்றத்திலே 'இஃது இந்நாட்டு வழக்கம்' என்று எடுத்துக்காட்டத் தகும் சான்றாகும். இவ்வாரத்திலேயே ஒரு கடிதம் எழுதுக, பிரதியைப் பத்திரப்படுத்துக.